சேவலுக்கு நேரம் சொல்வது யார்? உடல் கடிகாரமும் விலங்கு நலமும்

"சேவல் கூவித்தான் பொழுது விடியுமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேலியாகக் கேட்பதுண்டு. விடியாதுதான். ஆனால், பொழுது விடியப்போவது சேவலுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கூவுகிறது என்று நினைப்போம், இல்லையா? ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேவல்களை மாறாத மங்கலான வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். விடியலுக்கான அடையாளம் எதுவும் இல்லை. அப்போதும் அவை ஏறக்குறைய ஒரு நாள் இடைவெளியில் கூவின. இந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. நேரம் சொன்னது வெளியே இருந்த சூரியன் அல்ல. உள்ளே இருந்த கடிகாரம்.

உடல் கடிகாரம் என்றால் என்ன?

உறக்கம், பசி, உடல் வெப்பம், சுரப்பிகளின் வேலை ஆகியவற்றைச் சுமார் 24 மணி நேரச் சுழற்சியில் நடத்தும் உள் அமைப்பே உடல் கடிகாரம். பாலூட்டிகளில் இதன் தலைமையகம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ளது. கண்வழி வரும் ஒளி தினமும் அதன் நேரத்தைச் சரிசெய்கிறது. இருட்டியதும் மெலட்டோனின் சுரக்கிறது. பழ ஈக்களை ஆராய்ந்து, இக்கடிகாரம் இயங்கும் விதத்தை விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோர் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றனர்.

மருத்துவருக்கு என்ன பயன்?

பசுவின் உடல் வெப்பம் அதிகாலையில் சற்றுக் குறைந்தும் மாலையில் சற்று உயர்ந்தும் இருக்கும். ஆகவே 39 டிகிரி செல்சியஸ் என்பது மாலையில் இயல்பாக இருக்கலாம். அதே எண் அதிகாலையில் வந்தால் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எண்ணை மட்டும் குறித்துவிட்டு நேரத்தை விட்டுவிட்டால், தொடங்கும் காய்ச்சல் கண்ணில் படாமலே போய்விடலாம்.

கன்று ஈனுவதிலும் நேரம் முக்கியம். நள்ளிரவில் பசு சிரமப்பட்டால் உதவிக்கு ஆள் இருக்காது, கன்று இறந்துபோகலாம். கனடாவின் மானிடோபா மாநிலத்தில் கோனெஃபல் என்ற பண்ணையாளர் சினைப் பசுக்களுக்கு இரவில் தீவனம் கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலான பசுக்கள் பகலில் ஈன்றன. மருந்தில்லை, ஊசியில்லை, மாறியது தீவன நேரம் மட்டுமே.

ஒளி வேண்டும், இருளும் வேண்டும்

முட்டைக் கோழி நன்றாக முட்டையிட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் தேவை. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நம் நாட்டிலோ ஆண்டு முழுவதும் பகல் சுமார் 12 மணி நேரம்தான். அதனால்தான் பண்ணைகளில் கூடுதலாக விளக்கு போடுகிறார்கள். கறவை மாடுகளுக்கும் 16 மணி நேர வெளிச்சம் கொடுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 2 லிட்டர் பால் கூடுகிறது.

அப்படியானால் 24 மணி நேரமும் விளக்கை எரியவிட்டால் இன்னும் நல்லதுதானே? அதுதான் இல்லை! தொடர் வெளிச்சத்தில் மாட்டின் பால் அதற்கு மேல் கூடுவதில்லை. இறைச்சிக் கோழிகள் ஓயாமல் தின்று சீக்கிரம் பருக்கட்டும் என்று இரவு முழுவதும் விளக்கு எரித்த பண்ணைகளில், கோழிகளுக்குக் கால் கோளாறுகள் அதிகரித்தன. இன்று ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அவற்றுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேர இருள் கட்டாயம். அதில் 4 மணி நேரம் இடைவிடாமல் இருக்க வேண்டும்.

ஆக, விலங்கு நலத்தில் 'என்ன கொடுக்கிறோம்' என்பதோடு 'எப்போது கொடுக்கிறோம்' என்பதும் சேர்ந்ததே பராமரிப்பு. வீட்டு நாய்க்கோ பூனைக்கோ உடம்பு சரியில்லை என்றால், எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மீன் தொட்டி விளக்கையும் இரவில் அணைத்துவிடுங்கள்.

சிந்தனைக்கு

1. ஒரே வெப்ப அளவு காலையிலும் மாலையிலும் வேறு பொருள் தருவது ஏன்?
2. 'அதிக வெளிச்சம், அதிக விளைச்சல்' என்னும் கருத்தை ஏற்கிறீர்களா? கட்டுரையிலிருந்து சான்று காட்டி எழுதுக.