செங்கற்சூளையிற் குடியேறும் இளங்குடும்பங்கள்

ஊர்விட்டு ஊர் சென்று பிழைப்பார் எக்காலத்தும் உளர். ஊர் தன் இடத்திலேயே இருக்க, எல்லை மாத்திரம் இடம் பெயர்ந்த விந்தையைக் கண்டது பொதட்டூர்பேட்டை. திருத்தணிகை மலைக்கு வடமேற்கே ஆந்திர எல்லையை ஒட்டினாற்போல் அமைந்த இந்நெசவூர், 1953-ஆம் ஆண்டில் ஆந்திர இராச்சியம் தனித்து அமைந்தபோது அதன்பாற்பட்டு நின்றது. பின்னர் 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், திருத்தணிப் பகுதியோடு கூடச் சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தது. அதன்பொருட்டு இவ்வூரார் மூட்டை கட்டவுமில்லை, தறியைப் பெயர்க்கவுமில்லை. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து செவிப்படுதல் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. வேற்றுமொழி பேசுவாரை அண்டை வீட்டாராகக் கொள்வது இங்குள்ளார்க்குப் புதிதன்று.

இவ்வூர் அடங்கிய திருவள்ளூர் ஜில்லாவிலேயே, கிழக்கே செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை முதலிய இடங்களைச் சூழ்ந்த செங்கற்சூளைகளுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவினின்றும் ஆண்டுதோறும் குடும்பங்கள் வருகின்றன. ஏறத்தாழ ஆறு திங்கள் தங்கிச் செல்கின்றன. இவர்கள் ஒடிசாவின் மேற்பகுதியார். பெரும்பாலும் இளந்தம்பதிகள், கையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குழந்தைகளோடு வருபவர்கள். சென்னை நகரில் நாள்தோறும் எழும் கட்டிடங்கட்கு வேண்டிய செங்கற்களிற் பல இவர்கள் கையால் வார்க்கப்பட்டவை. இவர்தம் அன்றாட வாழ்க்கை எங்ஙனம் நடைபெறுகின்றது, ஏன் அங்ஙனம் அமைந்தது என்பதே இவ்வியாசத்தில் நாம் ஆராயப் புகுந்த பொருள்.

பலாங்கீர், நுவாபடா, களஹண்டி என்னும் ஜில்லாக்கள் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ஒருபோக நெல் விளைந்தால் சில மாதங்கட்கு உணவுண்டு. மழை தவறினால் அதுவும் இல்லை. ஆவணி மாதத்தையொட்டி அங்கே நுவாக்காய் என்னும் விழா வரும். புதுநெல்லைக் குலதெய்வத்துக்குப் படைத்து, வீட்டார் அனைவரும் கூடியுண்ணும் திருநாள் அது. நம் பொங்கலுக்கு ஒருவாறு ஒப்பாகும். அவ்விழா முடிந்த சின்னாட்களில் சர்தார் எனப்படும் ஆள்பிடிக்கும் தரகர் கிராமந்தோறும் சென்று முன்பணம் கொடுப்பார். திருமணக் கடன், மருத்துவச் செலவு, பழைய வட்டி என்று அப்பணத்திற்கு வழிகள் முன்னரே காத்திருக்கும். ஆதலின் வண்டியேறும்போது குடும்பத்தின் கையில் எஞ்சுவது சிறிதே. காண்டாபாஞ்சி என்னும் இரயில் நிலையம் இப்பயணத்திற்குப் பெயர்பெற்றது. இங்ஙனம் முன்பணம் பெற்றுச் செல்லும் கூலியாளை அந்நாட்டார் ‘தாதன்’ என்பர். நம் மொழியில் அடியவனைக் குறிக்கும் தாதனுக்கும் இதற்கும் உறவில்லை. கொடுத்தல் என்னும் பொருளையுடைய பாரசீகச் சொல் அது. உறவில்லாவிடினும் இரண்டும் ஒன்றாய் ஒலிப்பதைக் கேட்குந்தோறும் நமக்கு ஏதோ உறுத்துகின்றது.

இனி, இவ்வேற்பாட்டின் உயிர்நிலையைக் காண்போம். சூளை முதலாளி ஆள் ஒருவனை அமர்த்துவதில்லை. குடும்பம் ஒன்றை அமர்த்துகின்றார். இதற்குப் ‘பதுரியா’ என்று பெயர். கணவன், மனைவி, கைக்குதவும் ஒரு பிள்ளை ஆகிய மூவர் கூடியது ஒரு பதுரியா. முன்பணம் பதுரியாவுக்கு, கூலியும் பதுரியா வார்த்த ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. கணக்கேட்டில் எழுதப்படுவது பெரும்பாலும் கணவன் பெயரே. மனைவியின் உழைப்பும் பிள்ளையின் உழைப்பும் கல்லின் தொகையிற் காணப்படுமேயன்றி ஏட்டிற் காணப்படா. மணமாகாத இளைஞன் தனித்து நின்று பதுரியாவாதல் இயலாது. சூளைகளில் இளங்குடும்பங்களே நிறைந்திருத்தற்குக் காரணம் இதுவே.

பொதட்டூர்பேட்டையார்க்கு இது விளங்காததொன்றன்று. கணவன் குழித்தறியில் இறங்கி நெய்ய, மனைவி ராட்டையில் தார் சுற்ற, முதியோர் அறுந்த இழையை முடியக் குடும்பம் முழுதும் ஒரு பாவுக்கு உழைத்தல் கைத்தறி வீட்டின் வழக்கம். அங்கும் கூலி நெய்த துணிக்கேயன்றி ஆளுக்கன்று. முன்பணம் கொடுத்துக் கட்டிவைக்கும் முதலாளிகளும் நெசவுலகில் உளர். விசைத்தறியின் ஓசை மிகுந்த இந்நாளிலும் பழைய நெசவுக் குடும்பத்தார் இவற்றை நன்கறிவர். ஆயினும் வேற்றுமை பெரிது. நெசவாளி உழைப்பது தன் வீட்டில். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி திண்ணையில் இருக்கின்றாள். பள்ளிக்கூடம் கூப்பிடு தொலைவில் இருக்கின்றது. ஒருவர் கூலியைக் குறைத்தால் மற்றொருவரை அணுகிப் பேச அவனுக்கு மொழியுண்டு, சுற்றமுண்டு. சூளைக்கு வந்த குடும்பத்திற்கு இவற்றுள் ஒன்றுமில்லை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்து நிலம் உலர்ந்த பின்னரே கல் வார்த்தல் தொடங்கும். பேச்சு வழக்கில் சேம்பர் எனப்படும் சூளையைச் சுற்றி வெட்டவெளியான களம். களத்தின் ஓரத்தில் குடிசைகள். சுடாத கற்களையே சாந்தின்றி அடுக்கி, மேலே தகரமோ நெகிழித்தாளோ போர்த்திய குடிசைகள் அவை. குனிந்தே உள்ளே புகவேண்டும். வெயில் ஏறினால் உள்ளே இருத்தல் அரிது. ஆதலின் வேலை நள்ளிரவு கழிந்ததும் தொடங்கிவிடும். முன்மாலையில் நீர்விட்டு மிதித்து ஊறவைத்த மண்ணைக் கணவன் வெட்டிப் புரட்டிக் களத்திற்குச் சுமப்பான். மனைவி குந்தியிருந்து அதனை உருண்டைகளாக்கி, மணல் தூவிய அச்சில் அறைந்து, மேலே வழித்துத் தரையிற் கவிழ்ப்பாள். கல் ஒன்று விழுந்ததும் சிறிது நகர்வாள், அடுத்த கல். இங்ஙனம் வரிசை நீண்டுகொண்டே செல்லும். வார்த்த கல் இரண்டொரு நாள் காய்ந்தபின் அதனைப் பக்கம் திருப்பி நிறுத்தவேண்டும்; பிறகு காற்றுப் புக இடைவெளிவிட்டு அடுக்கவேண்டும். சுடுதல் வேறு தொழிலாளர் கடமை.

ஒரு குடும்பம் நாளொன்றுக்கு ஆயிரம் கல் வார்ப்பது அரிதன்று. ஒரு கல் ஏறத்தாழ மூன்று கிலோகிராம் நிறையுடையது. எனவே, நாள்தோறும் 3,000 கிலோகிராம் மண் இரண்டு பேர் கையால் வெட்டி, மிதித்து, சுமந்து, அறைந்து, திருப்பி, அடுக்கப்படுகின்றது. நடுத்தரமான ஒரு வீட்டிற்குப் பதினாயிரத்திற்குக் குறையாத கற்கள் வேண்டுமென்பர். நாம் குடியிருக்கும் வீட்டின் சுவர் இத்தகைய குடும்பமொன்றின் பத்து நாள் உழைப்பிற்குக் குறைந்ததன்று.

காலை ஒன்பது பத்து மணிக்கு வெயில் கடுமையானதும் கணவன் நிழல் தேடிச் சாய்வான். மனைவிக்கு அப்போதுதான் வீட்டு வேலை தொடங்கும். நீர் கொணர்தல், சுள்ளி பொறுக்குதல், சமைத்தல், துவைத்தல், குழந்தையைக் குளிப்பாட்டுதல் என்பனவெல்லாம் அந்த இடைவேளையுள் முடியவேண்டும். மாலை நான்கு மணியளவில் மறுநாள் மண்ணுக்கு நீர்விடும் வேலை. ஆகவே ஒரே பதுரியாவிலும் அவள் உறங்கும் நேரம் அவனுறங்கும் நேரத்திற் குறைந்ததே. இதனைக் கணக்கிடுவாரும் இல்லை.

அவர்களது உணவு நமக்கு அயலானதன்று. இரவு வடித்த சோற்றில் நீரூற்றிப் புளிக்கவைத்து மறுநாள் உண்பதை அவர்கள் ‘பகாளா’ என்பர். நம் பழையசோறு அதுவே. உப்பும் வெங்காயமும் மிளகாயும் கூட ஒன்றே. மொழியிலும் இத்தகைய ஒற்றுமை ஒன்றுண்டு. செங்கல்லை அவர்கள் ‘இட்டா’ என்பர். தெலுங்கர் ‘இட்டுக’ என்பர். நம் பழந்தமிழிலும் செங்கல்லுக்கு இட்டிகை என்னும் பெயர் உண்டு. அவர்கள் வார்க்கும் பொருளின் பெயரே அவர்களுக்கும் நமக்கும் பொதுவாயிருக்க, கடையில் உப்புக்கும் எண்ணெய்க்கும் விரல்காட்டி விலைபேச நேர்கின்றது. சில வாரங்களில் சிறுவர்கள் தமிழெண்களைக் கற்றுக்கொண்டு தாய்க்குத் துபாஷியாகிவிடுவர். குடும்ப அட்டை பிறந்த ஊரில் முதியோரிடம் இருந்துவிடுவதால் முன்னாளில் இங்கு நியாயவிலை அரிசி கிட்டாதிருந்தது. 2020-ஆம் ஆண்டில் ஒடிசாவும் தமிழ்நாடும் ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ என்னும் திட்டத்திற் சேர்ந்தமையால், விரல்ரேகை ஒத்தால் இங்கேயே அரிசி பெறுதற்கு வழியேற்பட்டுள்ளது.

பிள்ளையின் நிலையை விரித்துரைத்தல் இன்றியமையாதது. காயாத கல்லைத் திருப்புதற்குப் பெரியவர் காலினும் சிறுவர் காலே ஏற்றதென்பர். அவர்கள் உடல்நிறை குறைவாதலின் வரிசையிடையே கல் சிதையாது நடப்பர். இக்கொடிய வசதி எத்தகையதென்பதை ஒரு கணக்கால் விளக்குவோம். இதில் வரும் எண்கள் விளக்கத்திற்காக நாமே வைத்துக்கொண்டவை. முன்பணம் 40,000 ரூபாய். ஆயிரம் கல்லுக்குக் கூலி 600 ரூபாய். வாரத்தில் ஆறு நாள் வேலை. வாரந்தோறும் உணவுச்செலவுக்குக் கொடுப்பது 800 ரூபாய் என்று கொள்வோம். நாளொன்றுக்கு ஆயிரம் கல்லானால் வாரக்கூலி 3,600. உணவுச்செலவு போக 2,800 ரூபாய் கடனிற் கழியும். கடன் தீரப் பதினான்கு வாரத்திற்குச் சிறிது மேலாகும். பிள்ளை களத்திற்கு வாராமையால் நாளொன்றுக்கு 200 கல் குறைந்தால், வாரக்கூலி 2,880. கடனிற் கழிவது 2,080. அப்போது பத்தொன்பது வாரத்திற்கு மேலாகிவிடும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய் ஐந்து வாரக் கடனை அதற்கு ஈடாகக் கொடுக்கின்றாள். இடையிற் காய்ச்சலோ, கோடைமழையில் கரைந்த கற்களோ நேர்ந்தால் கணக்கு இன்னும் நீளும். கல்வியின் அருமையை அறியாமையாற்றான் இவர்கள் பிள்ளைகளைப் படிக்கவைப்பதில்லையென்று கூறுவார் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தாரல்லர்.

பள்ளிக்கு அனுப்பினும் எப்பள்ளிக்கு அனுப்புவது? ஆண்டிறுதித் தேர்வுகள் நிகழும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் அப்பிள்ளை ஊரில் இல்லை. இங்குள்ள பள்ளியிலோ தை மாதத்தில், ஆண்டு பாதிக்கு மேல் கழிந்தபின், எழுத்தறியாத மொழியில் வந்து அமரவேண்டும். இரண்டு பள்ளியாண்டுகளின் இடையே விழுந்துவிடும் இப்பிள்ளைகட்கு இருவகை ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன. ஒன்று, மேற்கு ஒடிசாவின் கிராமங்களிலேயே பெற்றோர் திரும்பும்வரை பிள்ளைகளை வைத்துக் காக்கும் பருவகால விடுதிகள். மற்றொன்று, திருவள்ளூர் ஜில்லாவில் சூளைகளை ஒட்டி நடத்தப்பட்ட ஒடியமொழிப் பயிற்சி மையங்கள். ஒடிசாவினின்றும் பாடநூல்களை வருவித்து, அம்மொழியறிந்த ஆசிரியரைக் கொண்டு கற்பிப்பது இவற்றின் முறை. நம் கருத்தில் இரண்டாவதே சிறந்தது. சிறுபிள்ளை தாயைப் பிரிய வேண்டுவதில்லை. மேலும், பகல் முழுதும் பிள்ளைகள் ஒரு கூரையின்கீழ் இருந்தால் அவர்களைக் களத்திற்கு அழைத்தல் எளிதன்று. மதிய உணவும் அங்கே கிடைக்குமாயின் தாயின் இடைவேளையில் ஒரு வேளைச் சமையல் குறைகின்றது. இஃது அற்பமாகத் தோன்றலாம். மேலே கூறிய கணக்கில் இதற்கும் விலையுண்டு.

சட்டங்கள் இல்லாமலில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ஆம் ஆண்டிலும், இராச்சியம் விட்டு இராச்சியம் செல்லும் தொழிலாளரைப் பற்றிய சட்டம் 1979-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. பின்னது 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ் வேலை வாங்குதல் அரசியலமைப்பின் 23-ஆம் உறுப்பு விலக்கிய வலிந்த உழைப்பாகும் என்று உச்ச நீதிமன்றம் 1982-ஆம் ஆண்டிற் கூறியது. இத்தீர்ப்பைப் பதுரியாவோடு பொருத்திப் பார்த்தால் அதன் சூழ்ச்சி புலனாகும். நாளொன்றுக்குக் குடும்பத்திற்கு 600 ரூபாய் என்னும்போது அது ஒரு கூலியாகத் தோன்றுகின்றது. இருவருக்கென்று பகுத்தால் ஆளுக்கு 300. ஏட்டில் மனைவியின் பெயரும் எழுதப்படுமாயின் இக்குறை அக்கணமே வெளிப்படும். பெயரெழுதாமை வெறும் சோம்பலன்று.

2011-ஆம் ஆண்டில் இந்த ஜில்லாவின் ஒரே சூளையினின்றும் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் அதிகாரிகளால் மீட்கப்பட்டனர். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வேலை நின்று, ஊர் செல்லவும் வழியின்றித் தவித்தவர் பலர்; மே மாதத்தில் விடப்பட்ட சிறப்பு இரயில்களில் அவர்கள் ஊர் திரும்பினர். இத்தகைய காலங்களில்தான் இவர்களைப்பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் வெளிவருகின்றன.

எல்லாச் சூளைகளும் ஒரு தன்மையனவல்ல. வாரந்தோறும் கல்லை இருவர் முன்னிலையில் எண்ணிச் சீட்டெழுதிக் கொடுப்போரும் உளர். சீட்டின்றி, பருவமுடிவில் ஒரே தொகையாகக் கணக்குச் சொல்வோரும் உளர். வாரச்சீட்டு ஒடியமொழியில் இருந்தால் படிக்கத் தெரிந்த பிள்ளையே தந்தைக்குக் கணக்குப் பார்த்துக்கொடுக்கும்.

ஆனி மாதத்தில் ஒடிசாவில் மழை தொடங்கும். விதைப்புக்குமுன் ஊர்சேரவேண்டி, கணக்குத் தீர்ந்த குடும்பங்கள் பாத்திரங்களையும் பாயையும் கட்டிக்கொண்டு சென்னைக்குச் சென்று வண்டியேறும். கணக்குத் தீராதவை சில நாள் பிந்தும். மையத்திற் படித்த பிள்ளை கையோடு ஒரு சான்றிதழ் கொண்டுசெல்கின்றது. எவ்வகுப்புவரை எத்தனை மாதம் பயின்றது என்று அதில் எழுதியிருக்கும். அதனைக் கண்டு ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் பிள்ளையை அடுத்த வகுப்பில் அமர்த்துவார். சான்றிதழ் இல்லையேல், சென்ற ஆண்டு இருந்த பலகையிலேயே மீண்டும் அமர்த்துவார்.