மாவுப் பாத்திரத்தில் பாதி இடம்

திருவருகைக் காலம் தொடங்கும் ஞாயிறன்று பங்குச்சாமியார் உள்ளத்தை ஆயத்தம் செய்யச் சொல்வார். வீட்டை ஆயத்தம் செய்வது நமக்குத் தெரியும்: வெள்ளையடிக்கலாம், ஸ்டார் கட்டலாம், குடிலுக்கு வைக்கோல் தேடலாம். உள்ளத்தில் அந்த வேலை எப்படி நடக்கிறது? இட்லிக்கு மாவாட்டிய எவருக்கும் அதன் வரிசை பாதி தெரிந்ததுதான்.

முதலில் ஊறவைக்க வேண்டும். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். காய்ந்த உளுந்தை அப்படியே கிரைண்டரில் போட யாரும் துணிவதில்லை. நாலைந்து மணி நேரம் தண்ணீரில் கிடக்க வேண்டும். நமக்குத் தண்ணீர், இறைவாக்கு. முதல் ஞாயிறு நற்செய்தியில் குழந்தை இயேசு வருவதில்லை. விழித்திருங்கள், ஆண்டவர் எந்த நேரமும் வரலாம் என்ற எச்சரிக்கைதான் வருகிறது. வார நாள்களில் எசாயா திரும்பத் திரும்ப வாசிக்கப்படுகிறார். புரிந்துவிட்டது என்று எண்ணி நகர்ந்துவிடாமல், காலையில் கேட்ட ஒரு வசனத்தை இரவு வரை மனத்தில் கிடக்க விடுவதே ஊறல்.

அடுத்தது அரைப்பது. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் வருகிறார். மனம் மாறச் சொல்கிறார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் ‘நான் பாவிதான், சாமி’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தால் அது கல்லில் படாத அரிசி. நிலத் தகராறில் தம்பியோடு பேச்சை நிறுத்தியது, வேலைக்கு வரும் அம்மாவுக்குச் சம்பளத்தை இழுத்தடித்தது என்று பெயர் சொல்லி அரைக்க வேண்டும். வலிக்கத்தான் செய்யும்.

அரைத்த பிறகு நடப்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. இட்லி மாவில் நாம் ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. உளுந்தின் மேலேயே இருக்கும் லியூகோநோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் இரவு முழுக்க வேலை செய்கின்றன; அவை வெளியிடும் கார்பன் டை ஆக்சைடுதான் மாவைத் தூக்குகிறது. அவை முன்பே இருந்தவை. ஊறலும் அரைத்தலும் அவற்றுக்கு வழி திறந்துவிட்டன, அவ்வளவே. திருமுழுக்கில் தூய ஆவியாரைப் பெற்றிருக்கிறோம் என்று விசுவசிக்கிறோம். அப்படியானால் டிசம்பரில் புதிதாக ஒன்றை வரவழைக்க நாம் தவிக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர் வேலை செய்ய விட்டுக்கொடுத்தால் போதும்.

விட்டுக்கொடுப்பது என்றால் இடம் விடுவது. பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு ஊற்றினால் விடிவதற்குள் மேடையெல்லாம் வழிந்துவிடும். திருச்சபை தன் வழிபாட்டிலேயே இந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறது. திருவருகைக் கால ஞாயிறுகளில் வானவர் கீதம் பாடுவதில்லை. பீடத்தில் பூக்கள் குறைவு, குருவின் உடை ஊதா. அல்லேலூயா மட்டும் நிற்பதில்லை. ஏனென்றால் இது தவக்காலத்தின் துக்கம் அல்ல, காத்திருப்பு. பெத்லகேம் வயல்வெளியில் வானதூதர்கள் பாடிய அந்தக் கீதத்தை நள்ளிரவுத் திருப்பலிக்கென்று எடுத்துவைத்திருக்கிறோம். கோவில் மணிகளோடு அது எழும்போது உடம்பு சிலிர்ப்பதற்கு இந்த நான்கு வார வெற்றிடமும் ஒரு காரணம். நாமோ டிசம்பர் முதல் வாரத்திலேயே கேரல் ரவுண்ட்ஸ், துணிக்கடை, கேக் ஆர்டர், அலுவலக விருந்து என்று விளிம்பு வரை ஊற்றிவிடுகிறோம். இதில் எதுவும் தவறில்லை. ஆனால் விடுதியில் இடம் இல்லாமல் போனதைப் பற்றிய நற்செய்தியைக் கேட்க வருகிறவர்கள், தங்கள் நாளில் அரைமணி நேரமாவது எதையும் ஊற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இடையில் கிளறக் கூடாது; மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கலாம். மூன்றாம் ஞாயிறு அதற்குத்தான். அன்று குரு இளஞ்சிவப்பு உடை அணியலாம், மகிழ்ச்சியின் ஞாயிறு.

மாவுக்கும் மனத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மாவு புளிக்க மறுக்காது, மனம் மறுக்கும். அதனால்தான் மரியா சொன்ன சம்மதத்தைத் திருச்சபை கிறிஸ்துமஸை ஒட்டிய நாள்களில் வாசிக்கிறது.

மார்கழிக் குளிரில் மாவு மெதுவாகத்தான் பொங்கும். திருவருகைக் காலமும் எல்லா ஆண்டும் ஒரே நீளம் இல்லை: 2022-இல் 28 நாள், 2023-இல் 22 நாள்தான். அந்த ஆண்டு நான்காம் ஞாயிறே டிசம்பர் 24-ஆம் தேதி. காலையில் திருவருகைத் திருப்பலி, அன்று மாலையே கிறிஸ்துமஸ் பிறந்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்தைக் கடைசி நாள்களுக்குத் தள்ளுகிறவர்களுக்கு அரைக்க மட்டுமே நேரம் கிடைக்கும், புளிக்கக் கிடைக்காது. இரண்டாம் வாரத்திலேயே போய்விடுங்கள். அப்போது வரிசையும் குறைவு, சாமியாருக்கும் உட்கார்ந்து கேட்கப் பொழுது இருக்கும்.