அழ வேண்டிய நேரத்தில் அழுதுவிடுங்கள்!

'மூணு மாசமா ஒத்தைத் தலைவலி, டாக்டர். ராத்திரி தூக்கமே இல்லை. ஸ்கேன், கண் டெஸ்ட் எல்லாம் பண்ணியாச்சு. நார்மல்ங்கறாங்க' என்றார் அந்த அம்மா. வயது ஐம்பதுக்குள் இருக்கும்.

நாடி பார்த்தபடியே, 'தலைவலிக்கு முன்னாடி வீட்ல என்னம்மா நடந்தது?' என்று கேட்டேன். கணவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. 'நீ அழுதா பசங்க உடைஞ்சிடுவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. அதனால நான் அழவே இல்லை டாக்டர்' என்றார்.

சித்த மருத்துவத்தில் 'வேகங்கள் பதினான்கு' என்று உண்டு. தும்மல், பசி, தாகம், தூக்கம் போல உடம்பில் தானாக எழுபவை, அடக்கக் கூடாதவை. அந்தப் பட்டியலில் கண்ணீரும் இருக்கிறது! அடக்கினால் பீனிசம், கண் நோய் முதலியவை வரும் என்கின்றன நம் நூல்கள்.

இதை நம் பாட்டிமார் ஏட்டைப் படித்தா தெரிந்துகொண்டார்கள்? சாவு வீட்டில் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். போனவரின் பெருமையோடு, புகுந்த வீட்டில் பட்ட பாடும் பாட்டில் வந்து விழும். மற்ற நாளில் வாய் திறக்க முடியாத குறையை அன்றைக்குச் சொல்லலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ராகத்தை இழுத்துப் பாடும்போது வெளிமூச்சு நீள்கிறது. நீண்ட வெளிமூச்சு படபடப்பைத் தணிக்கும்.

அழுகைக்கு இடம் கொடுத்தவர்கள், நினைவுக்கும் இடம் கொடுத்தார்கள். போரில் விழுந்த வீரனுக்கு நடுகல் நடுவதை, கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படியாகச் சொல்கிறது தொல்காப்பியம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் 2006ல் கிடைத்தன. நம் வீடுகளில் பால் தெளிப்பது, பதினாறாம் நாள் கருமாதி, தலைத்திவசம் என்று ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். கத்தோலிக்கக் குடும்பங்கள் நவம்பர் 2ல் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். இத்தனைக்கும் பலன் ஒன்றுதான்: துக்கப்பட்டவரைத் தனியே விடாமல், அவ்வப்போது நாலு பேர் வந்து உட்காருகிறார்கள்.

2022ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'நீடித்த துக்கம்' தனி நோயாக இடம்பெற்றிருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும் துக்கம் தணியாமல் அன்றாட வேலையைக் கெடுத்து, அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறிப் போனால்தான் அது நோய். அதற்கு முன் வரும் அழுகை இயல்பானதே!

நீங்கள் செய்யக் கூடியவை:

* துக்க வீட்டில் 'அழாதே' என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், போதும். அழுகை வராதவரை வற்புறுத்தி அழவைக்கவும் வேண்டாம்.

* 'ஆம்பளை அழலாமா?' என்ற பேச்சை விடுங்கள். கண்ணீருக்கு ஆண், பெண் கிடையாது.

* கருமாதியோடு போக்குவரத்தை நிறுத்திவிடாதீர்கள். கூட்டம் கலைந்த பிறகுதான் வீடு வெறிச்சென்று இருக்கும்.

* அதிர்ச்சியில் நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால் 'துக்கம்தானே' என்று இருக்காதீர்கள். பெருந்துயரத்தால் இதயத் தசை திடீரெனப் பலவீனமாவது உண்டு. மாதவிலக்கு நின்ற பெண்களிடம் இது அதிகம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

* ஆறு மாதமாகியும் சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் சரியாகவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 'செத்துப் போயிடலாம்' என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு அன்று நான் மருந்து எழுதவில்லை. 'அவர் எப்படிப்பட்டவர்? சொல்லுங்கம்மா' என்றேன். காலையில் காபி போட்டு எழுப்புவாராம். சொல்ல ஆரம்பித்தவர் அரைமணி நேரம் அழுதார். வெளியே காத்திருந்த மகனும் உள்ளே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அடுத்த வாரம் வந்தார். தலைவலி முழுதும் போயிடுச்சு என்று சொல்லவில்லை. 'நேத்து நாலு மணி நேரம் தூங்கினேன் டாக்டர்' என்றார்.