கடாரத்துச் சுல்தான்: ஒரே ஆசனத்தில் இருமுறை

தமிழ் படித்த எவருக்கும் கடாரம் புதிய பெயரல்ல. முதலாம் இராசேந்திரனுக்குக் ‘கடாரம் கொண்டான்’ என்ற விருதுப் பெயரைத் தந்த ஊர் அது. மலேசியாவின் வடமேற்கில் இன்று கெடா என்று வழங்கும் மாநிலம்தான் அந்தப் பழைய கடாரம். பிற்காலத்தில் தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்கள் ‘சூலியா’ என்ற பெயரோடு அங்கே கப்பலேறிப் போனார்கள். அந்தக் கெடாவை 59 வருடம் ஆண்ட சுல்தான் மர்ஹூம் அப்துல் ஹலீம் முஅஸ்ஸம் ஷா. மலேசியாவின் மாமன்னர் பதவியில் இரண்டு தடவை அமர்ந்த முதலாமவரும் அவரே.

1927 நவம்பர் 28இல் பிறந்தார். ஒக்ஸ்போர்ட் வதாம் கல்லூரியில் படித்துவிட்டு வந்து, கெடா நிர்வாக சேவையில் சேர்ந்தார். வாப்பா சுல்தான் பத்லிஷா 1958 ஜூலையில் வபாத்தாக, ஆட்சிக்கு வந்தார்.

மலேசிய முடியாட்சி கொஞ்சம் வித்தியாசமானது. பரம்பரை ஆட்சியாளர்கள் ஒன்பது பேர் கூடி, தங்களுக்குள் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பில் ஐந்து வருடத்துக்கு மாமன்னராகத் தெரிவார்கள். அவர் ‘வல்லாஹி, வபில்லாஹி, வதல்லாஹி’ என்று சத்தியம் செய்தே பொறுப்பேற்கிறார். சட்டத்தின்படி நீதியாக நடப்பதும் இஸ்லாத்தைப் பாதுகாப்பதும் அந்தச் சத்தியத்தில் அடக்கம். ஆனால் பெரும்பாலான காரியங்களில் அமைச்சரவை சொல்கிறபடிதான் அவர் நடக்க வேண்டும்.

அப்துல் ஹலீம் முதல் தடவை மாமன்னரானது 1970 செப்டெம்பர் 21இல். அப்போதைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அவருக்குச் சாச்சா முறை. அடுத்த நாளே துங்கு பதவி விலகினார். அண்ணன் மகனுக்குக் கீழே பிரதமராக இருப்பது பொருத்தமில்லை என்பதே அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். 1969 மே கலவரத்துக்குப் பின் உண்மையான அதிகாரம் துன் அப்துல் ரஸாக்கின் கைக்கு மாறியிருந்ததையும் மறக்கக்கூடாது. முடக்கப்பட்டிருந்த பாராளுமன்றம் 1971 பெப்ரவரியில் மீண்டும் கூடியதும் இவர் காலத்தில்தான்.

1975இல் பதவிக்காலம் முடிந்து கெடாவுக்குத் திரும்பினார். சுற்று முறையில் வாய்ப்பு மறுபடி கெடாவுக்கு வர 36 வருடம் சென்றது. 2011 டிசெம்பரில் 84 வயதில் அதே ஆசனத்தில் அமர்ந்தார். ஆசனம் அதுதான், ஆனால் அதன் பலம் அதே பலமல்ல. பிரதமர் மஹாதிர் காலத்தில், 1983 தொடங்கி 1994 வரை நடந்த திருத்தங்கள் அதை மாற்றியிருந்தன. ஒரு சட்டமூலத்துக்கு மாமன்னர் 30 நாளுக்குள் சம்மதம் தராவிட்டாலும் அது சட்டமாகிவிடும். ஆட்சியாளர்களை வழக்குகளிலிருந்து காத்த விலக்கும் 1993இல் எடுபட்டு, அவர்களை விசாரிக்க விசேட நீதிமன்றம் ஒன்று வந்தது.

இதன் பொருள் 2016இல் துலங்கியது. அரசுக்குப் பரந்த பாதுகாப்பு அதிகாரங்களைத் தரும் தேசியப் பாதுகாப்புச் சபைச் சட்டமூலத்தின் சில பிரிவுகளைச் செம்மைப்படுத்தும்படி ஆட்சியாளர் மாநாடு கேட்டது. எதுவும் மாற்றப்படவில்லை. மாமன்னரின் கையொப்பம் இல்லாமலே அது சட்டமாகியது. முதல் தடவை அமர்ந்தபோது அப்படி நடக்க வழியே இருக்கவில்லை.

அப்படியென்றால் இந்தப் பதவி வெறும் அலங்காரம்தானா? இல்லை. பிரதமரை நியமிப்பதிலும், பாராளுமன்றத்தைக் கலைக்க மறுப்பதிலும் மாமன்னருக்குத் தற்றுணிவு உண்டு. அப்துல் ஹலீமின் இரு காலங்களிலும், 1974இலும் 2013இலும், ஆளும் கூட்டணிக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்ததால் அதற்குத் தேவை ஏற்படவில்லை. 2020இலும் 2022இலும் யாருக்கும் தெளிவான பெரும்பான்மை இல்லாதபோது, பிரதமர் யார் என்று முடிவெடுக்க வேண்டியவராக அப்போதைய மாமன்னரே இருந்தார். சாதாரண நாளில் கண்ணுக்குப் படாத அதிகாரம், நெருக்கடி நாளில் கட்டாயம் தேவைப்பட்டது.

அப்துல் ஹலீம் 2016 டிசெம்பரில் ஆசனத்தை விட்டு இறங்கினார். ஒன்பது மாதத்தில், 2017 செப்டெம்பர் 11இல், 89 வயதில் கெடாவில் வபாத்தானார். அமானிதத்தை ஏற்பவரின் கையில் எவ்வளவு அதிகாரம் மிச்சமிருக்கும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை, சட்டமே தீர்மானிக்கிறது. 41 வருட இடைவெளியில் ஒரே சத்தியத்தை இருமுறை செய்த இந்த மனிதர், அந்த அளவு குறைந்ததை இரு கரைகளிலும் நின்று கண்டவர். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அரசன் எப்படியிருப்பான் என்று மாணவர் கேட்டால், கடாரத்துச் சுல்தானின் கதையிலிருந்தே தொடங்கலாம்.