இனிப்பை விட்டால் மட்டும் போதுமா?

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கும்மா" என்று டாக்டர் சொன்னதும் நம் வீடுகளில் முதலில் என்ன நடக்கிறது? சர்க்கரை டப்பா மேல் தட்டுக்குப் போய்விடும். உருளைக்கிழங்கு வீட்டுக்குள்ளேயே வராது. ராத்திரி சாதத்துக்குப் பதில் சப்பாத்தி. இதெல்லாம் சரிதான். ஆனால் எதை எதை விட வேண்டும் என்று பட்டியல் போடுகிற நாம், உடம்பில் எது குறைகிறது என்று பார்க்கிறோமா? முட்டை, மீன், மாமிசம் எதுவும் சேர்க்காத சைவக் குடும்பங்களில் இந்தக் கேள்வி மிகவும் அவசியம்.

தாது உப்புக்கள் நமக்குக் கொஞ்சமாகத்தான் வேண்டும். அந்தக் கொஞ்சம் இல்லாவிட்டால் காரியம் நடக்காது. கணையம் இன்சுலினைச் சேமித்து வைப்பது துத்தநாகத்தோடு சேர்த்துத்தான். அந்த இன்சுலின் சரியாக வேலை செய்ய மக்னீசியத்தின் துணை வேண்டும். சர்க்கரை மிகவும் ஏறியிருக்கும்போது அடிக்கடி சிறுநீர் போகிறதல்லவா? அதோடு மக்னீசியமும் வெளியே போய்விடுகிறது. தேவையான சமயத்தில்தான் கையிருப்பு கரைகிறது!

மூன்று மாதக் கணக்கில் ஒரு குழப்பம்

இரும்புச் சத்தின் கதை இன்னும் முக்கியமானது. 'மூன்று மாதச் சர்க்கரை' என்று ஒரு பரிசோதனை செய்கிறார்களே, ஹெச்பிஏ1சி, அது இரத்தத்தின் சிவப்பணுக்களில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால்தான் இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிகிறது. 6.5 சதவிகிதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை வியாதி, 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு.

இரும்புச் சத்துக் குறைந்து சோகை வந்திருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை என்று தெரிந்தது. அப்படியானால் இது நம்மில் எத்தனை பேரைப் பற்றிய விஷயம், பாருங்கள்!

எனக்கு மன்னி முறையாகும் ஒரு அம்மாளுக்கு 6.6 என்று வந்தது. பயந்துபோய் ராத்திரி சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். பருப்பும் பாலும்கூடப் பாதியாகிவிட்டன. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 8.5தான். பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரையோ வியாதி என்னும் அளவுக்கு இல்லை. "முதலில் இரத்தத்தைச் சரிபண்ணுவோம்மா" என்றார் டாக்டர். சில மாதம் கழித்துப் பார்த்ததில் 6.1. எல்லைக்கோடுதான், ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதுதான். ஆனால் பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போயிருந்தால் அவர் கதி என்ன?

இதைப் படித்துவிட்டு, "எனக்கும் சோகையால்தான் சர்க்கரை காட்டுகிறது" என்று யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். எது எதனால் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அடுப்படியில் செய்யக்கூடியது

பட்டை தீட்டிய அரிசியில் தவிடோடு மக்னீசியமும் பெரும்பாலும் போய்விடுகிறது. கைக்குத்தல் அரிசி நல்லது; அளவு மட்டும் ஒரு கரண்டியோடு நிற்கட்டும். மீதி வயிற்றைக் கூட்டும் கீரையும் சுண்டலும் நிரப்பட்டும்.

தானியத்திலும் பருப்பிலும் பைட்டிக் அமிலம் என்று ஒன்று உண்டு. அது இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊற வைத்தாலும், முளை கட்டினாலும், மாவைப் புளிக்க வைத்தாலும் அதன் பிடி தளர்ந்துவிடும். நம் பாட்டிமார் பயறை முளை கட்டியதில் இப்படி ஒரு லாபம்!

முளைப் பயறில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிவது நல்லது. சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயும் சேரலாம். இவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பைச் சேர்த்துக் கொடுக்கும். காப்பி, டீ அதைக் கெடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.

கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆனால் அதைக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டி, அளவோடு சாப்பிடலாம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு ஸ்பூன் எள்ளுப்பொடி இவற்றிலும் மக்னீசியமும் துத்தநாகமும் உண்டு.

பாதம் எரிகிறதா?

மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். கோபால்ட் என்ற தாது சேர்ந்த வைட்டமின் இது. காய்கறியில் கிடையாது, சைவக்காரர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. இது குறைந்தால் கால் மரத்துப்போகும், பாதம் எரியும். "சர்க்கரை வந்தால் இப்படித்தான் இருக்கும்" என்று பேசாமல் இருந்துவிட்டால் நரம்பு பாழாகும். காலத்தில் கண்டுபிடித்தால் சரிபண்ணலாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. குரோமியம் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும் என்று டப்பா டப்பாவாக விற்கிறார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இரும்பு மாத்திரையையும் இரத்தம் பார்க்காமல் நீங்களாக விழுங்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் சோடியம் குறைந்த உப்பு, அதிகக் கீரை இவற்றுக்கு முன் டாக்டரைக் கேட்பது அவசியம். அவற்றில் பொட்டாசியம் ஜாஸ்தி.

அடுத்த தடவை சர்க்கரைக்கு இரத்தம் கொடுக்கும்போது, "ஹீமோகுளோபினும் பி12ம் பார்க்கலாமா, டாக்டர்?" என்று கேளுங்கள். அப்புறம் இன்னொன்று. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, வாணலியில் ஒட்டியிருக்கிற கூட்டை வழித்துச் சாதத்தில் பிசைந்து சாப்பிடுகிற பழக்கம் நமக்கு. நாளையிலிருந்து கீரையிலும் சுண்டலிலும் உங்கள் பங்கை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்!