சதுர மீட்டருக்கு எத்தனை பேர்?

பத்துமலையில் 272 படிகளைக்கூட ஏறிவிடலாம், தைப்பூசத்தன்று படியடிக்குப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு என்பார்கள் எங்கள் வீட்டில். கூட்டம் எத்தனை லட்சம் என்றுதான் நாம் பேசுவோம். கூட்ட நகர்வைக் கணக்குப் போடுபவர்களோ, ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர் என்று பார்க்கிறார்கள். மூன்று, நான்கு பேர் என்றால் நம் காலால் நடக்கலாம். ஏழை நெருங்கினால் கூட்டம் திரவம் போல் ஆகிவிடும் என்று எழுதினார் அமெரிக்கப் பொறியாளர் ஜான் புரூயின். எங்கோ ஒருவர் தள்ளியது அலையாக வந்து நம்மைத் தூக்கிக்கொண்டு போகும்.

2022 அக்டோபர் 29 அன்று சியோலின் இத்தேவோன் பகுதியில், சுமார் 4 மீட்டர் அகலமுள்ள சந்தில் 159 உயிர்கள் போயின. இத்தகைய நெரிசலில் பலர் நின்ற நிலையிலேயே, நெஞ்சு விரிய இடமின்றி மூச்சடைத்து இறக்கிறார்கள். 'பதறி ஓடினார்கள்' என்று செய்தியில் படித்தால் எனக்கு எரிச்சல் வரும். ஓட ஏது இடம்?

டிர்க் ஹெல்பிங் குழுவினர் 2000இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கணினி மாதிரியில், குறுகிய வாசலில் எல்லாரும் முண்டியடித்தால் வெளியேற அதிக நேரம் பிடித்தது. எல்.ஆர்.டி. கதவருகே தினமும் பார்ப்பதுதான்!

பிள்ளைகளோடு போகும்போது, கையை முகம்வரை தூக்க முடிகிறதா என்று அடிக்கடி பார்ப்பேன். அது கடினமாகத் தொடங்கியதுமே ஓரமாக ஒதுங்கிவிடுவோம். சிக்கிக்கொண்டால், கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ள வேண்டும். விழுந்த செருப்பை எடுக்கக் குனியவே கூடாது.