பேரீச்சம்பழத்துக்குப் போகவிருந்த ராலே

"இருபது கிலோ தேறும்னு சொன்னாருப்பா. நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்கறேன்னாரு" என்றார் சித்தப்பா.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், தறி போட்ட கூடத்தின் பின்சுவரில் அந்த சைக்கிள் சாய்ந்து கிடந்தது. டயர் இரண்டும் வெடித்து உதிர்ந்திருந்தன. செயின் கவரில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருந்தது. தாத்தா அதை ஒரு வக்கீல் வீட்டிலிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கினாராம். முடித்த புடவையை வெள்ளைத் துணியில் மடித்து, கேரியரில் கட்டி, சொசைட்டிக்குக் கொண்டுபோன வண்டி.

"என்ன வண்டின்னு பார்த்தீங்களா, சித்தப்பா?"

"ராலே. ஊருக்கே தெரியும். அதுக்கென்ன இப்போ?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இதே மனிதரிடம் பழைய பட்டுப்புடவையைக் கொண்டுவந்து விலை கேட்டால் எடை போடவே மாட்டார். முதலில் புடவையைப் புரட்டி உள்பக்கம் பார்ப்பார். உடலும் கரையும் சேரும் கோர்வையில் விரலை ஓட்டுவார். ஜரிகையில் ஓர் இழையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடிப்பார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். வெள்ளிக்காக ஜரிகையை உருக்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அப்படிப்பட்டவர், இரும்புக்காரர் எடை சொன்னதும் தலையாட்டிவிட்டார்.

"புடவையைப் பார்க்கிற மாதிரி இதையும் ஒரு தடவை பார்த்துடுவோம்" என்றேன்.

மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், கிழிந்த வேட்டித் துணி. எங்களுக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது.

முதலில் செயின் வீல். அந்தக் கால இங்கிலீஷ் வண்டிகளுக்கு அதுதான் முகவரி. நாரை உருவம் வெட்டியிருந்தால் ராலே. ஐந்து மனித உருவங்கள் வட்டமாக நின்றால் ஹம்பர். விரித்த உள்ளங்கை என்றால் ரட்ஜ். பி.எஸ்.ஏ. தன் மூன்று எழுத்துகளையே இரும்பில் வெட்டி வைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தன் வண்டி அடையாளம் தெரியும். எங்கள் அழுக்குக்கு அடியிலிருந்து நாரைதான் வந்தது. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. செயின் வீலைக் கழற்றி இன்னொரு வண்டிக்குப் போட அரை மணி நேரம் போதும். போதாததற்கு ஹம்பரை 1932-லும், ரட்ஜை 1943-லும், பி.எஸ்.ஏ.வின் சைக்கிள் பிரிவை 1957-லும் ராலே கம்பெனியே வாங்கிவிட்டது. பிற்கால வண்டிகளில் ஒரு குடும்பத்துச் சாமான் இன்னொரு குடும்பத்தில் இருக்கும்.

அடுத்தது பின்சக்கரத்து ஹப். இந்த வண்டியில் மூன்று கியர் இருந்தது. அது வசதியான வீட்டு வண்டிக்கு அடையாளம். வக்கீல் வீடு என்று சித்தப்பா சொன்னது சரிதான் என்று அப்போதே தோன்றியது. ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. என்ற அந்த ஹப் 1936-ல் வந்தது. அதன் உருளையில் செய்த ஆண்டைப் பொறிப்பது அவர்கள் வழக்கம். சித்தப்பா பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு தானே தேய்க்க ஆரம்பித்தார். மூன்றாவது தடவை துடைத்தபோது 54 என்ற எண் எழுந்து வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் குனிந்து பார்த்தார்.

"நான் பொறந்த வருஷம்" என்றார்.

அது ஹப்பின் வயசு, வண்டியின் வயசு அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சக்கரம் மாறியிருக்கலாம். பிரேம் ராலேதான் என்று உறுதிப்படுத்த மரை பார்க்க வேண்டும்.

சைக்கிள் பழமை பார்க்கிறவர்கள் பெயிண்டையும் ஸ்டிக்கரையும் கடைசியில்தான் நம்புவார்கள். மிதிகட்டை அச்சு சுழலும் கப்பின் மரையை முதலில் நம்புவார்கள். மற்ற இங்கிலீஷ் வண்டிகளில் ஓர் அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்ஹாம் ராலே தனக்கென்று 26 மரை வைத்துக்கொண்டது. அதனால்தான் கடையில் கிடைக்கிற கப் ராலேயில் ஏறுவதில்லை. இதில் நாட்டு விவகாரமும் உண்டு. இங்கிலீஷ் வண்டியில் செயின் பக்கத்துக் கப் எதிர் மரை. இத்தாலிய வண்டியில் இரண்டு பக்கமும் நேர் மரை, அளவு 36 மில்லிமீட்டர். இது தெரியாமல் ஸ்பானரைத் தப்பான பக்கம் திருப்பினால் பிரேமே பாழ்.

இத்தாலி என்றதும் சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். அங்கேயும் சைக்கிள் செய்வார்களா என்று கேட்டார். அவர்கள் செய்தது வேறு ஜாதி வண்டி. ராலே மூட்டை சுமக்க, இத்தாலிக்காரர் பந்தயத்துக்கு. நம் வண்டி 20 கிலோ என்றால் அது 10 கிலோ இருக்கும். மிலானில் கொலம்பஸ் என்ற பெயரில் இழுத்த எஃகுக் குழாய், முனையில் 0.9 மில்லிமீட்டரும் நடுவில் 0.6 மில்லிமீட்டரும்தான் கனம். பித்தளை ஊற்றி ஒட்டுகிற இடத்தில் மட்டும் தடிமன். சுண்டினால் வெண்கலப் பாத்திரம் மாதிரி பேசும்.

அந்த வண்டிகளில் என் மனசு போவது மூட்டுகளில்தான். குழாயும் குழாயும் சேரும் இடத்தில் ஓர் எஃகு உறை உண்டு. அதன் ஓரத்தை அரத்தால் ராவி ராவி இலை நுனி போல மெலிய வைப்பார்கள். கொல்நாகோ பட்டறையில் அதில் மூவிலை வெட்டுவார்கள், தெ ரோசா பட்டறையில் இதயம். பந்தய வீரர் எட்டி மெர்க்ஸ் 1972-ல் மெக்சிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தது கொல்நாகோ கட்டிக்கொடுத்த வண்டியில். இதைச் சொன்னபோது சித்தப்பா, "அப்போ மூட்டுதான் அவங்க கோர்வை" என்றார். நான் இத்தனை நாள் தேடிய சொல் அது. இரண்டு நிறம் சேரும் இடத்தில் நெசவாளியின் கை தெரிகிற மாதிரி, இரண்டு குழாய் சேரும் இடத்தில் கட்டியவர் கை தெரியும். கைவேலை சுமாராக இருந்தால் பெரிய பெயர் ஒட்டியும் பயனில்லை.

வயசு காட்டுகிற சாமான் அவர்களுக்கும் உண்டு. விசென்சா ஊரில் டூலியோ கம்பனோலோ 1933-ல் தொடங்கிய கம்பெனி, பின் கியர் மாற்றும் கருவியில் பேட்டன்ட் என்று போட்டுப் பக்கத்தில் ஆண்டின் கடைசி இரண்டு எண்ணைப் பொறித்தது. பின்சக்கரம் உட்காரும் தகட்டிலும் அவர்கள் பெயர் இருக்கும். ஸ்டிக்கரை இன்று யாரும் அச்சடிக்கலாம். தகட்டில் இருக்கும் எழுத்தை அப்படிச் செய்துவிட முடியாது. டஸ்கனியில் 1997 முதல் லெரோய்கா என்ற பெயரில் பழைய வண்டிகளை மண் சாலையில் ஓட்டுகிறார்கள். 1987-க்கு முந்திய மாடல்களுக்குத்தான் அதில் மரியாதை. பழைய இத்தாலிய வண்டிக்கு விலை ஏறியதில் இதற்கும் பங்கு உண்டு.

நம் ராலேக்கு அந்த விலை வராது. 1951-லேயே ராலே கம்பெனி வருஷத்துக்குப் பத்து லட்சம் வண்டிக்கு மேல் செய்தது. அபூர்வம் என்று சொல்லி விற்க முடியாது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ் என்றால் பர்மிங்ஹாம் பக்கத்து வண்டியா, 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகு வந்த அம்பத்தூர் வண்டியா என்றும் கேட்க வேண்டும். ராலேயும் அசன்சோலில் சென்-ராலே என்று நம் நாட்டிலேயே உருவானது. அம்பத்தூர் வண்டி மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். பல ஊர்களின் தபாலையும் பாலையும் சுமந்த வண்டி அது. இந்த வகை வண்டிக்கு விலை கொடுப்பது முழுமை. தலை பேட்ஜ், புரூக்ஸ் தோல் சீட், இரும்புக் கம்பி பிரேக், செயின் கவர், பெல் எல்லாம் ஒரே வண்டியோடு பிறந்தவையாக இருந்தால் துருவையும் மீறி மதிப்பு உண்டு. பழைய பெயிண்டில் தங்கக் கோடு கொஞ்சம் மிச்சம் இருந்தால்கூட அதைத் தொடக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் அப்பாவின் ஹம்பரைப் பளபளவென்று ஆக்கித் தருகிறோம் என்றார்கள் ஒரு கடையில். கொடுத்தேன். ஓவராயிலிங் முடிந்து வந்தபோது வண்டி புதுசு மாதிரி கறுப்பாக மின்னியது. ஹம்பருக்கே உரிய இரட்டைக் குழாய் போர்க் போயிருந்தது, சாதா போர்க் இருந்தது. ஐந்து மனிதர்களையும் காணோம். "துருப் பிடிச்சிருந்துச்சு சார், நல்லதா மாத்திட்டோம்" என்றார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, அக்கறையாகத்தான் செய்தார்கள். அப்பா காலூன்றி ஏறிய வண்டி அன்றோடு முடிந்தது. இன்றும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

சித்தப்பா வண்டியில் எதையும் மாற்றியிருக்கவில்லை. மாற்றக் காசு இல்லை என்பதுதான் காரணம். கப்பைக் கழற்றி மரையை எண்ணினோம்: 26. சீட்டுக்கு அடியில், கம்பி போட்டுக் கட்டிய பித்தளை வில்லை ஒன்று தொங்கியது. நகராட்சி சைக்கிள் வரி கட்டியதற்குக் கொடுத்த வில்லை. எழுத்து தேய்ந்துவிட்டது. தாத்தா அதைத் துடைத்துத் துடைத்தே தேய்த்திருப்பார் என்றார் சித்தப்பா.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. பிரேம் கோணலாக இருந்தால் மற்ற எல்லாம் வீண். அதைப் பார்க்க ஒரு நூல் போதும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பின்தகடு ஒன்றில் நூலைக் கட்டி, ஹேண்டில்பார் நுழையும் முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கத் தகட்டில் இழுத்துக் கட்ட வேண்டும். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையே இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும்.

நான் சணல் தேடினேன். சித்தப்பா தறியிலிருந்து பாவு நூல் கொஞ்சம் எடுத்து முறுக்கிக்கொண்டு வந்தார். அவரே கட்டினார். நூல் தொய்யாமல் இழுக்க அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் ஸ்கேலை வைக்குமுன் இடது பக்கம் ஒரு விரலை நுழைத்துப் பார்த்தார். பிறகு வலது பக்கம்.

"சரியா இருக்கு" என்றார். ஸ்கேலும் அதையே சொன்னது.

நூலை அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டு, போனை எடுத்து இரும்புக்காரரைக் கூப்பிட்டார். நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்த அளவு டயர் இப்போ எங்கப்பா கிடைக்கும்?"